‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் நிரல்மொழி: சோம்பல் எப்போது சேமிப்பு, எப்போது கடன்?

1987-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன.

மார்ச் 25 அன்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். விஜயநகர காலத்தில் அடிநிலையோடு நின்றுபோய், சுமார் 400 வருஷம் ‘மொட்டை கோபுரம்’ என்றே ஊர்க்காரர்கள் அழைத்து வந்த கட்டுமானம் அது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் எடுத்த முயற்சியில் 13 நிலைகள், 236 அடி என்று எழுந்து நின்றது. அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஒரு கணினி அறிவியல் மாநாடு. அங்கே கூடிய சில ஆய்வாளர்கள், ‘ஆளுக்கொரு மொழி வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, பொதுவாக ஒன்று செய்வோம்’ என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஹேஸ்கல். கணக்கை உடனே போடாமல், பதிலை யாராவது கேட்கும்வரை தள்ளிப்போடுவதையே இயல்பாக வைத்திருக்கும் நிரல்மொழி. இந்தக் குணத்துக்கு ‘லேஸி எவால்யுவேஷன்’ என்று பெயர்.

ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் திருச்சியில் இருக்கும் ஒருவருக்கு இந்த லேஸி சமாசாரத்தை விளக்க ஸ்ரீரங்கத்தைவிட வசதியான இடம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்கலாம். 400 வருஷம் கோபுரம் நின்றுபோனது லேஸி எவால்யுவேஷன் இல்லை, அது பாதியில் விட்ட வேலை. லேஸி என்றால், வேலை நடக்கவில்லையே தவிர, அதை எப்படி முடிப்பது என்ற முழுக் குறிப்பும் கையில் தயாராக இருக்கும். எவர் எப்போது கேட்டாலும் அதே குறிப்பை வைத்து முடித்துக் கொடுக்கலாம். தள்ளிப்போடுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஐடி வேலையில் இருக்கும் பலர் இந்த இடத்தில்தான் அடிவாங்குகிறார்கள்.

‘ஹேஸ்கல் எல்லாம் நம்ம வேலைக்கு எதுக்கு’ என்று ஸ்க்ரோல் செய்யப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் ஸ்க்ரோல் செய்யும்போது கீழே உள்ள படங்கள் திரைக்கு அருகில் வந்தபிறகுதான் இறங்கும்படி பல செய்தித் தளங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதன் பெயரே லேஸி லோடிங். பைதானில் நீங்கள் எழுதும் மேப், ஃபில்டர், ரேஞ்ச் எல்லாம் பைதான் 3 வந்த 2008 முதல் லேஸிதான். ஜாவா 8-ன் ஸ்ட்ரீம், டேட்டா இன்ஜினீயர்களின் அபாச்சி ஸ்பார்க், எல்லாமே. ஹேஸ்கலை நீங்கள் தொடாவிட்டாலும் அதன் பழக்கம் உங்கள் வேலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்ததில் தப்பில்லை. எந்த நிபந்தனையோடு வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தராததுதான் பிரச்னை.

அண்ணாச்சி கடை நோட்டு

தெருமுனை மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் வாங்கும்போதே காசு கொடுத்துவிடுவது ஒரு வகை. சி, ஜாவா, பைதான் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு ஃபங்ஷனுக்கு எதையாவது அனுப்பினால், அனுப்புவதற்கு முன்பே அதன் மதிப்பைக் கணக்குப் போட்டுவிடும். இதை ஈகர் அல்லது ஸ்ட்ரிக்ட் என்பார்கள்.

“நோட்டுல எழுதி வச்சுக்கோங்க அண்ணாச்சி” என்பது இன்னொரு வகை. ஹேஸ்கல் இந்த ரகம். கணக்கைப் போடாது. ‘இன்னதை இன்னதோடு கூட்ட வேண்டும்’ என்று ஒரு நிலுவைச் சீட்டு மட்டும் எழுதி வைக்கும். அந்தச் சீட்டுக்கு ‘தங்க்’ என்று பெயர். 1960-களின் தொடக்கத்தில், ஆல்கால் 60 என்ற மொழிக்குக் கம்பைலர் எழுதியவர்கள் புழங்கிய சொல் அது.

இதில் இரண்டு விதிகள் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். முதல் விதி: யாரும் கேட்காவிட்டால் கூட்டவே வேண்டாம். மாசக் கடைசியில் நோட்டைத் திறக்கிற தேவையே வராவிட்டால், அந்த வேலை மிச்சம். இரண்டாவது விதி: ஒருமுறை கூட்டிவிட்டால், வந்த தொகையைப் பக்கத்தின் அடியில் எழுதி, மேலே இருக்கும் வரிகளை அடித்துவிட வேண்டும். அடுத்த தடவை கேட்டால் மறுபடி கூட்டக் கூடாது, எழுதிய தொகையைச் சொன்னால் போதும்.

ஆல்கால் 60-ல் முதல் விதி மட்டும் இருந்தது. பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் புதிதாகக் கூட்டும். இரண்டாவது விதியைச் சேர்த்துச் சரியான வடிவம் கொடுத்தது 1971-ல் கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த் எழுதிய ஆய்வேடு. 1976-ல் ஹெண்டர்சன், மாரிஸ் ஜோடி ஒரு கட்டுரையும் ஃப்ரீட்மேன், வைஸ் ஜோடி ஒரு கட்டுரையும் தனித்தனியாக வெளியிட, லேஸி என்ற யோசனை நிரல்மொழி உலகில் நிலைபெற்றது.

இங்கே ஒரு கேள்வி வரும். நோட்டில் எழுதும்போது அரிசி ஒரு விலை, மாசக் கடைசியில் கூட்டும்போது வேறு விலை என்றால் என்ன ஆகும்? சண்டைதான் வரும். அதனால்தான் ஹேஸ்கலில் ‘விலை’ மாறவே கூடாது. ஒரு மதிப்புக்கு ஒருமுறை பெயர் வைத்தால் கடைசிவரை அதே மதிப்பு. ஃபங்ஷனுக்குள் இருந்துகொண்டே திருட்டுத்தனமாக ஃபைலில் எழுதுவது, வெளியே இருக்கும் எண்ணை மாற்றுவது எல்லாம் நடக்காது. அப்படிப்பட்ட வேலைகளுக்குத் தனி வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இதைத்தான் ‘ப்யூர்’ என்கிறார்கள். ஹேஸ்கலின் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், லேஸியாக இருந்ததால் கிடைத்த பெரிய நன்மை வேகம் அல்ல, மொழி ப்யூராக இருந்தே ஆக வேண்டிய கட்டாயம்தான் என்று பல இடங்களில் வாதிட்டிருக்கிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கணக்கு எப்போது போடப்படும் என்று தெரியாத இடத்தில் ஏமாற்று வேலை செய்ய முடியாது.

ஏழு சுற்று, ஒரு கணக்கு

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். கருவறையைச் சுற்றி ஏழு பிராகாரங்கள். ராஜகோபுரம் தாண்டினால் அடையவளஞ்சான் வீதிச் சுற்று, பிறகு சித்திரை வீதி, உத்திர வீதி, அதற்கும் உள்ளே ரங்கா ரங்கா கோபுரம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு நிரலில் கணக்குகளும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். ஈகர் மொழி கருவறையில் ஆரம்பித்து வெளியே வரும். உள்ளே இருக்கும் கணக்கை முடித்தால்தான் அதற்கு அடுத்த சுற்று. லேஸி மொழி பக்தர் மாதிரி. வெளிக்கோபுரத்தில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த வாசல். ‘எல்லாப் பகா எண்களின் பட்டியலிலிருந்து முதல் 5 கொடு’ என்று எழுதினால், ஈகர் மொழி முதலில் ‘எல்லாப் பகா எண்களையும்’ கண்டுபிடிக்கப் போகும். அது முடியவே முடியாது, தொங்கிவிடும். லேஸி மொழியில் வெளியே இருப்பது ‘முதல் 5’ என்ற கேள்வி. அது உள்ளே பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கும். 2, 3, 5, 7, 11 வந்ததும் திரும்பிவிடும். முடிவில்லாத பட்டியலை ஹேஸ்கலில் சர்வசாதாரணமாக எழுத முடிவது இதனால்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம், புதிதாக ஹேஸ்கல் படிக்கிறவர்களைக் குழப்புவது. ஒரு மதிப்பைக் கேட்டாலும் ஹேஸ்கல் முழுசாகக் கணக்கிடாது. அதன் வெளித்தோற்றம் தெரியும் அளவுக்கு மட்டும் போய் நின்றுவிடும். ‘இது ஒரு லிஸ்ட், காலி இல்லை’ என்று தெரிந்தால் சரி, உள்ளே இருக்கும் உறுப்புகள் இன்னமும் சீட்டாகவே இருக்கும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டு 1-ம் நம்பர் பஸ் பிடித்துக் கிளம்புகிற கேஸ். பாதி நேரம் அது போதும். ‘எவ்வளவு நேரம் ஆகுது’ என்று அளக்கப் போனால்தான் கூத்து. கடிகாரம் கிட்டத்தட்ட 0 விநாடி என்று காட்டும். வேலையே நடந்திருக்காது!

இப்படி எழுதுவதில் உண்மையான லாபம் என்ன? ஜான் ஹ்யூஸ் 1989-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் சொன்ன வாதம் இன்றும் செல்லும். ‘எதை உருவாக்குவது’ என்பதை ஒரு இடத்திலும் ‘எதுவரைக்கும் போதும்’ என்பதை இன்னொரு இடத்திலும் பிரித்து எழுதலாம். செஸ் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்றால், சாத்தியமான எல்லா நகர்வுகளின் மரத்தையும் ஒரு ஃபங்ஷன் தரட்டும். அதில் எத்தனை ஆழம் பார்ப்பது என்பதை வேறொரு ஃபங்ஷன் முடிவு செய்யட்டும். உருவாக்குகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்ற கவலை வேண்டாம். ஈகர் மொழியில் இந்த இரண்டையும் ஒரே லூப்புக்குள் பிசைந்து எழுத வேண்டியிருக்கும், பின்னால் பிரிக்கவும் முடியாது.

கம்பைலருக்குக் கிடைக்கும் சுதந்திரம்

மதிப்புகள் மாறாது, வேலை எந்த வரிசையில் நடந்தாலும் பதில் ஒன்றே. இதைக் கேட்டதும் குஷியாவது கம்பைலர்தான். வரிசையை மாற்றலாம், நடுவில் இருப்பதைத் தூக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம்.

உதாரணமாக, ஒரு லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இரட்டிப்பாக்கி, அப்புறம் ஒவ்வொன்றோடும் 1 கூட்டச் சொல்கிறீர்கள். எழுதியபடியே செய்தால் நடுவில் ஒரு புது லிஸ்ட் உருவாகும். அந்த இடைநிலை லிஸ்ட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. ஹேஸ்கலின் பிரதான கம்பைலரான ஜிஹெச்சி, பல நேரங்களில் இரண்டு நடையையும் சேர்த்து ஒரே நடையாக்கிவிடும். இதை ஃப்யூஷன் என்பார்கள். பிலிப் வாட்லர் 1980-களின் கடைசியில் எழுதியதும், ஜிஹெச்சி குழுவினர் 1993-ல் கொடுத்த குறுக்குவழியும் இதன் அடிப்படை. ஃபங்ஷனுக்குள் திருட்டுத்தனமாக ஏதாவது நடக்கக்கூடிய மொழிகளில் கம்பைலர் இதைச் செய்யப் பயப்படும். நடுவில் யாராவது பிரிண்ட் எழுதியிருந்தால் வரிசை மாறிவிடுமே.

எனக்குப் பிடித்த முரண் அடுத்தது. லேஸி மொழியின் கம்பைலர் செய்யும் மிக மதிப்புமிக்க வேலைகளில் ஒன்று, எங்கெல்லாம் லேஸியாக இருக்கத் தேவையில்லை என்று கண்டுபிடிப்பது. ‘இந்த மதிப்பு எப்படியும் கேட்கப்படத்தான் போகிறது, பிறகு சீட்டு எழுதுவானேன், இப்பவே கூட்டிடலாம்’ என்று நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும். இதற்கு ஸ்ட்ரிக்ட்னஸ் அனாலிசிஸ் என்று பெயர். ஆலன் மைக்ராஃப்ட் 1980-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். அதாவது லேஸி என்ற யோசனை பரவத் தொடங்கி 4 வருஷத்துக்குள், அதை எங்கே குறைப்பது என்ற ஆராய்ச்சியும் ஆரம்பித்துவிட்டது. சும்மா இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் மெமரி வேண்டும், அதைத் திறந்து பார்க்க நேரம் வேண்டும். கடன் நோட்டுக்கும் பேப்பர் செலவு உண்டு.

நோட்டு தடிக்கும்போது

1 முதல் 1 கோடி வரை கூட்ட வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு வரிக்கும் மொத்தத்தைத் திருத்திக்கொண்டே வந்தால், எந்த நேரத்திலும் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு எண். ஆனால் ‘கேட்கும்போது கூட்டுறேன்’ என்று விட்டால்? ‘0-வோடு 1, அதோடு 2, அதோடு 3’ என்று 1 கோடி வரி நீளத்துக்கு நோட்டு. கடைசியில் ஒரே ஒரு எண்ணுக்காக. ஹேஸ்கலில் இதற்கு ஸ்பேஸ் லீக் என்று பெயர். நிரலில் தப்பே இருக்காது, பதிலும் சரியாக வரும். மெமரி மட்டும் வீங்கிக்கொண்டே போகும்.

இந்தக் கூட்டலுக்கு ஹேஸ்கலில் இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. ஃபோல்ட்-எல் என்பது சீட்டு எழுதும் ரகம். ஃபோல்ட்-எல்-பிரைம் என்பது கூட்டிக்கொண்டே வரும் ரகம். பிரைம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. எது நல்லது என்று ஹேஸ்கல் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நெடுங்காலம் சீட்டு ரகம்தான் எடுத்தவுடன் கையில் கிடைத்தது, கூட்டும் ரகம் வேண்டுமென்றால் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டியிருந்தது. மொழியின் முதல் அறிக்கை வந்தது 1990-ல். கூட்டும் ரகத்தையும் இயல்பாகவே கையில் கொடுக்க ஆரம்பித்தது 2024-ல் வந்த ஜிஹெச்சி 9.10-ல். கிட்டத்தட்ட 34 வருஷம். மொழியே லேஸி என்று சொன்னால் இந்த அளவுக்கா!

மெமரி ஒரு பக்கம். நேரம் இன்னொரு பக்கம். அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு டிபன் கடை, ஆர்டர் சொன்ன பிறகுதான் தோசை ஊற்றுவார்கள். சாதாரண நாளில் அருமையான ஏற்பாடு, எதுவும் வீணாகாது. ஆடிப்பெருக்கு அன்று காலை அதே கடைக்குப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு முன்கூட்டியே இட்லி அவித்து அடுக்கி வைத்த கடைக்காரர்தான் ஜெயிப்பார். லேஸி என்பது வேலையை ஒழிப்பதில்லை, பல நேரம் அதை நெரிசலான நேரத்துக்குத் தள்ளிவிடுகிறது. காலையில் சும்மா இருந்த சர்வர், சாயங்காலம் எல்லோரும் ஆப்பைத் திறக்கும்போது நிலுவைச் சீட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று சோம்பல், ஒரே பெயர்

நான் இதை எழுதுவதற்கான காரணமே இந்தப் பகுதிதான்.

ஹேஸ்கல், பைதான் ஜெனரேட்டர், ஸ்பார்க் மூன்றையும் ‘லேஸி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இன்டர்வியூவுக்குத் தயார் செய்யும் குறிப்புகளில் ‘தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுவது’ என்று ஒரு வரி இருக்கும். மனப்பாடம் செய்து சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வரி நோட்டின் முதல் விதியை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாவது விதி, அதாவது கூட்டிய தொகையை எழுதி வைப்பது, மூன்றிலும் மூன்று விதம்.

ஹேஸ்கலில் ஒரு லிஸ்ட்டுக்குப் பெயர் வைத்து, அதன் ஒரு பகுதியைக் கணக்கிட்டுவிட்டால், அந்தப் பெயர் உயிரோடு இருக்கும்வரை பதில் அங்கேயே இருக்கும். பைதான் ஜெனரேட்டர் ஒருமுறை ஓடி முடிந்தால் அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்டால் எரர்கூட வராது, காலியாக ஒரு லிஸ்ட் வரும். ‘டேட்டா எங்கே போச்சு’ என்று தேடிய அனுபவம் பைதான் எழுதும் பலருக்கும் இருக்கும். ஸ்பார்க் மூன்றாவது ரகம். சொல்லி வைக்காவிட்டால், அது ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஆதி முதல் மறுபடி கணக்கிடும். 1960-ன் ஆல்கால் செய்ததையே இன்று கிளவுடில், மணிக் கணக்கில் வாடகை கட்டி நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

ஸ்பார்க்கைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. லேஸியாக இருப்பதால்தான் அது முழுத் திட்டத்தையும் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்க முடிகிறது. தமிழ்நாடு முழுக்க விற்ற பஸ் டிக்கெட் பதிவுகள் ஒரு பெரிய ஃபைலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் ‘ஃபைலைப் படி’, பத்தாவது வரியில் ‘சத்திரம் - ஸ்ரீரங்கம் பதிவுகள் மட்டும் போதும்’, பன்னிரண்டாவது வரியில் ‘டிக்கெட் விலை மட்டும் கொடு’ என்று எழுதுகிறீர்கள். ஸ்பார்க்கின் ஆப்டிமைசர் பின்னால் இருக்கும் இரண்டு வரிகளையும் முன்னால் இழுத்து, ஃபைல் வடிவம் இடம் கொடுத்தால், தேவையான பத்திகளை மட்டும் படிக்கும். வரிக்கு வரி உடனுக்குடன் வேலை செய்திருந்தால் இந்த மிச்சம் கிடைக்காது.

திருச்சியில் ஒரு ஐடி நிறுவனத்தில் இருக்கும் என் தோழிக்கு நடந்தது இது. தினமும் ராத்திரி ஓடும் ஒரு வேலை. பெரிய ஃபைலை வடிகட்டி, அதிலிருந்து 5 ரிப்போர்ட்டுகள். வடிகட்டும் பகுதியை எழுதியவர் சீனியர், ரிப்போர்ட் பகுதி இவள் எழுதியது. வடிகட்டிய டேட்டாவைச் சேமித்து வை என்று யாரும் சொல்லவில்லை, அதனால் 5 ரிப்போர்ட்டுக்கும் 5 தடவை மொத்த ஃபைலும் முதலிலிருந்து படிக்கப்பட்டது. பில் வந்தபோது ‘ரிப்போர்ட் சேர்த்த பிறகுதானே ஏறுச்சு’ என்று இவளைக் கேட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. தேதிப் பத்தியில் ஏதோ கோளாறான மதிப்பு. அதைப் பிரித்துப் படிக்கும் வரி சீனியருடையது, ஆனால் அது உண்மையில் ஓடுவது ரிப்போர்ட் கேட்கும்போதுதான். எரர் வெடித்தது இவள் எழுதிய கடைசி வரியில். காலை மெயிலில் இவள் பெயர்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. லேஸி நிரலில் தப்பு எழுதப்பட்ட இடமும் தப்பு தெரியவரும் இடமும் வேறு வேறு என்பது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. டீமில் யார் ஜூனியரோ, பெரும்பாலும் அவர்கள்தான் பைப்லைனின் கடைசி வரியை எழுதுகிறார்கள். தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வந்து வெடிப்பது அங்கேதான். எனக்கு இது தொழில்நுட்பப் பிரச்னையாக மட்டும் தெரியவில்லை. அப்ரைசல் பிரச்னையும்கூட.

இன்னொரு சின்ன விஷயம்: ஸ்பார்க்கில் ‘கேஷ்’ என்று எழுதினால் அந்த நிமிஷமே சேமித்துவிடும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அது வெறும் குறிப்பு. முதல் தடவை யாராவது கேட்கும்போதுதான் சேமிக்கும். சேமிப்பதிலும் சோம்பல்!

சென்னையில் ஒரு சிப், பெங்களூரில் ஒரு ஆட்டோ

ஃபங்ஷனல் மொழியெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சரக்கு என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ‘சக்தி’ புராசஸரைப் பாருங்கள். 2018-ல் சிப்பாக வெளிவந்து செய்தியானது நினைவிருக்கும். அதன் வடிவமைப்பு எழுதப்பட்டது ப்ளூஸ்பெக் என்ற மொழியில். அந்த மொழி ஹேஸ்கல் பரம்பரை. அதன் கம்பைலரே ஹேஸ்கலில் எழுதப்பட்டது, 2020-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. எம்ஐடி பேராசிரியராக இருந்த அர்விந்த், ரிஷியூர் நிகில் ஆகியோரின் பல வருஷ ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதற்காக சக்தி ஒரு சோம்பேறி சிப் என்று அர்த்தமில்லை. சுற்றமைப்பை விவரிக்கும் கட்டத்தில் ஃபங்ஷனல் மொழியின் எல்லா வசதியும் உண்டு. கம்பைல் ஆகி வன்பொருளாக மாறிய பிறகு நிலுவைச் சீட்டு எதுவும் மிச்சம் இருக்காது. சிலிக்கானில் கடன் நோட்டுக்கு இடமில்லை. யோசிக்கும்போது லேஸி, ஓடும்போது கறார். எனக்கு இந்தப் பிரிவினை மிகவும் பிடித்திருக்கிறது.

ப்ளூஸ்பெக்கின் ஆரம்ப வடிவத்தை உருவாக்கியவர் லெனார்ட் அகஸ்ட்சன், ஹேஸ்கல் உலகின் ஜாம்பவான். அவரே பின்னாளில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிக்காக ‘மூ’ என்று ஒரு ஹேஸ்கல் கிளைமொழியைச் செய்தார். எழுத்து, இலக்கணம் எல்லாம் ஹேஸ்கல் மாதிரிதான், ஆனால் லேஸி கிடையாது, ஸ்ட்ரிக்ட். இன்னொரு பக்கம், பெங்களூரில் ஆட்டோ பிடிக்க உதவும் ‘நம்ம யாத்ரி’ ஆப்பின் சர்வர் பக்கம் ஹேஸ்கலில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, லேஸி மொழியை வைத்து நிஜ வேலை நடக்காது என்பதும் பொய், நிஜ வேலைக்கு லேஸிதான் சிறந்தது என்பதும் பொய்.

ஐஐடி மெட்ராஸில் கே.சி.சிவராமகிருஷ்ணன் முன்னின்று உழைத்த இன்னொரு மொழி ஓகேமல். 2022 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பில்தான் பல கோர்களில் ஒரே நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி சேர்ந்தது. ஓகேமல் ஃபங்ஷனல் மொழிதான், ஆனால் இயல்பில் ஈகர். எங்கே தள்ளிப்போட வேண்டுமோ அங்கே மட்டும் ‘லேஸி’ என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விதிகளும் அந்த ஒரு வார்த்தையில் அடக்கம்: கேட்டால்தான் கணக்கு, கணக்கிட்டால் சேமிப்பு. நிரலைப் படிக்கிறவருக்கும் கடன் எங்கே இருக்கிறது என்று கண்ணில் தெரியும். என் ஓட்டு இந்த வழிக்குத்தான். தினசரி வேலைக்கான மொழியில் உடனடிக் கணக்கு இயல்பாக இருக்கட்டும். சோம்பல் வேண்டுமென்றால் எழுதிக் கேட்கட்டும்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு? அதற்கு ஹேஸ்கல்தான் சரி. பைதானும் ஸ்பார்க்கும் லேஸியைப் பாதி மறைத்துக் கொடுக்கின்றன, அதனால் அடிபடும்போதுதான் தெரிகிறது. ஹேஸ்கலில் முதல் நாளே முகத்தில் வந்து இடிக்கும். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் இளநிலை மாணவர்களுக்குப் பல வருஷங்களாக ஹேஸ்கல் சொல்லித் தருகிறார்கள். அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் இருவரும் நடத்திய ஹேஸ்கல் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

திருச்சியைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! துவாக்குடியில் 1964-ல் ஆரம்பித்த மண்டலப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய என்ஐடி. தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. முழுப் பாடமாக ஹேஸ்கலைச் சேர்க்கச் சொன்னால் சிலபஸ், ரெகுலேஷன் என்று ஆயிரம் பதில் வரும், தெரியும். இரண்டே இரண்டு லேப் போதும். சாதாரண லேப்டாப்பே தாங்கும். முதல் லேபில் முடிவில்லாத லிஸ்ட் ஒன்றை எழுதி, அதிலிருந்து முதல் 5 எடுத்துப் பார்க்கட்டும். இரண்டாவது லேபில் ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு, ஃபோல்ட்-எல் வைத்து 1 முதல் 1 கோடி வரை கூட்டட்டும். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டால் மெமரி நூற்றுக்கணக்கான எம்பி ஏறுவது கண்ணால் தெரியும். அப்புறம் ஆப்டிமைசேஷனைப் போட்டு அதே நிரலை மறுபடி கம்பைல் செய்து ஓட்டினால், அந்த மேடு காணாமல் போகும். ‘சார், கோடே மாத்தலையே, எப்படிக் குறைஞ்சுது?’ என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். ஸ்ட்ரிக்ட்னஸ் அனாலிசிஸ் பாடத்தை அங்கே ஆரம்பிக்கலாம்.